வாணிகமும் பரிசிலும்: கல்லூரிச் சேர்க்கைக்காகக் காட்டப்படும் வணிக ஆர்வம் பற்றி

ஒரு செயலைச் செய்பவர் அச்செயலுக்கே உரிய பயனை விட்டு வேறொரு பயனை மனத்தில் வைத்து அதைச் செய்தால், அச்செயலின் மதிப்பு குறைந்துவிடுகிறதா என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. தானம், தவம், வழிபாடு ஆகியவற்றை முன்வைத்தே பெரிதும் எழுப்பப்பட்டுவந்த இவ்வினா, இன்று மேல்நிலைப் பள்ளி மாணவரின் கல்லூரி விண்ணப்பத்திலும் எழுகிறது. மேலாண்மை, வணிகம் ஆகிய துறைகளில் இளநிலைப் படிப்பை வழங்கும் கல்லூரிகளில் ஒரு சாரன, மதிப்பெண்ணோடு நில்லாமல், விண்ணப்பிக்கும் மாணவர் பள்ளிப் பருவத்திலேயே வணிகத்தில் ஆர்வம் கொண்டிருந்தாரா, அதற்குச் சான்றாக எதைச் செய்தார் என்றும் கேட்கின்றன. கேட்கப்படுவதால் மாணவர் செய்கிறார், செய்ததைக் காட்டுகிறார், நாளடைவில் காட்டுவதற்காகவே செய்யத் தொடங்குகிறார். அவ்வாறு செய்யப்படும் வணிகம் பொய்யானதா என்பதைத் தருமபுரி மாவட்டத்தின் பழைய இலக்கிய மரபையும் இன்றைய வாழ்வையும் துணைக்கொண்டு ஆராயலாம்.

தமிழ்நாட்டின் பொதுவான சேர்க்கை முறையில் இவ்வினாவுக்கு அண்மைக்காலம் வரை இடமே இருக்கவில்லை. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொறியியல் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர விரும்பும் மாணவரும் தரவரிசைப் பட்டியலில் தம் மதிப்பெண் பெற்றுத்தரும் இடத்தைப் பொறுத்தே அழைக்கப்படுகிறார். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றை உள்ளடக்கிய காமர்ஸ் குரூப்பைப் பென்னாகரத்திலோ அரூரிலோ எடுத்துப் படிக்கும் ஒருவரிடம், வணிகத்தின்மீது அவருக்கு உண்மையில் விருப்பம் உண்டா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் இந்தூரிலுள்ள இந்திய மேலாண்மை நிறுவனம் 2011-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பைத் தொடங்கி, எழுத்துத் தேர்வோடு நேர்முகத் தேர்வையும் வைத்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் வெளிநாட்டுக் கல்லூரிகளும் கட்டுரை, பரிந்துரை, செயல்பாட்டுச் சான்று ஆகியவற்றைக் கேட்கின்றன. தில்லி அரசு 2021-ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலா 2000 ரூபாய் தொடக்க முதல் தந்து சிறுதொழில் நடத்தப் பழக்கிய ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தில், முன்னணி அணிகளைச் சேர்ந்த மாணவர்கள் சிலருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கு நேரடிச் சேர்க்கை தரப்படும் என்று 2022-ல் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம், அரசுப் பள்ளி மாணவர்களை அணிகளாகச் சேர்த்துத் தொழில் யோசனைகளை வகுக்கச் செய்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் வாயிலும் மனத்தைப் பார்க்க முனையும் வாயிலும் ஆகிய இரண்டும் இன்று ஒரே மாணவரின் முன் நிற்கின்றன.

மனத்தைப் பார்க்க முனையும் வாயிலில் உள்ள இடர்ப்பாட்டைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வகுத்த சைகைக் கோட்பாடு தெளிவாக்குகிறது. நேரில் காண முடியாத ஒரு பண்பைக் காணக்கூடிய ஓர் அடையாளத்தின் மூலம் அறிவிப்பதே சைகை. அப்பண்பு இல்லாதவருக்கு அந்த அடையாளத்தைப் பெறுவது கடினமாக இருக்கும்வரைதான் அது நம்பத்தக்கது என்பது அக்கோட்பாட்டின் உயிர்நிலை. வணிக ஆர்வத்தின் அடையாளமாகக் கருதப்படும் இணையதளம், பள்ளி வணிக மன்றத்தின் தலைமைப் பொறுப்பு, கோடை விடுமுறைப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை ஆர்வமே இல்லாதவரும் பணம் இருந்தால் எளிதில் பெற்றுவிட முடியும். ஆகவே ஆர்வத்தின் அடையாளமாகத் தொடங்கியது குடும்ப வசதியின் அடையாளமாக மாறிவிடுகிறது. இது சேர்க்கை முறையின் குறை. மாணவரின் செயல் அறத்துக்கு உகந்ததா என்பது வேறு வினா. அதற்குத் தமிழ் மரபு நேரடியாகவே இடமளிக்கிறது. அவ்வகையில் குறிப்பிடத்தக்க பாடல்களுள் இரண்டு, தருமபுரியின் பழைய பெயரான தகடூரிலிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியவை.

புறநானூற்றின் 91-ஆம் பாடலில் ஔவையார் பாராட்டுவது, பெறுதற்கு அரிய நெல்லிக்கனியைத் தாம் பெற்ற செய்தியை மட்டும் அன்று. உண்டவருக்குச் சாவு நீங்கும் என்னும் அக்கனியின் சிறப்பை அதியமான் வெளியே சொல்லாமல் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு அதை அவருக்கு அளித்தான் என்பதே அப்பாடலின் மையம். கொடையின் பெருமை கொடுக்கப்பட்ட பொருளின் அருமையில் பாதியும், அந்த அருமையைக் கொடுத்தவன் காட்டிக்கொள்ளாமல் இருந்ததில் மறுபாதியும் அடங்கியிருப்பதாக ஔவையார் கொள்கிறார். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், செய்ததை எல்லாம் பட்டியலிட்டு ஒப்புவிக்கும் கல்லூரி விண்ணப்பம் அதியமானின் பண்புக்கு நேர் எதிராகவே தோன்றும்.

எனினும் அதே அதியமானைப் பற்றிய 208-ஆம் பாடல் அந்த முடிவை அவ்வளவு எளிதில் ஏற்கவிடாது. மலைகள் பலவற்றைக் கடந்துவந்த பெருஞ்சித்திரனார் என்னும் புலவருக்கு, அதியமான் அவரை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்க மறுக்கிறார். தாம் பொருளைப் பெற்றுக்கொண்டு போகும் வணிகர் அல்லர் என்றும், தினையளவே ஆயினும் தம் தகுதியின் அளவை அறிந்து அன்போடு தருவதே தமக்கு உவப்பானது என்றும் அவர் கூறுகிறார். 134-ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் என்னும் வள்ளலைப் பற்றிச் சொல்லும்போது, இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பில் பயன் தரும் என்று கணக்கிட்டு அறத்தை விலைக்கு விற்கும் வணிகனாக அவன் இல்லை என்கிறார். முதற்பார்வையில் இவ்விரு பாடல்களும் வணிகத்தை இழிவாகப் பேசுவன போலத் தெரியலாம்.

ஆனால் சங்க இலக்கியம் வணிகத்தை இகழவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, வாங்கும்போது அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொள்ளாமலும் விற்கும்போது அளவில் குறைக்காமலும் விலையை வெளிப்படச் சொல்லி விற்கும் நடுநிலையாளர்களாக அவர்களைக் காட்டுகிறது. திருக்குறளும் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணிச் செய்வதை வாணிகத்தின் இலக்கணமாக வைக்கிறது. முடமோசியாரும் பெருஞ்சித்திரனாரும் மறுப்பது, கொடையும் புலமையும் வணிகமாக்கப்படுவதையே. கொடைக்கும் வணிகத்துக்கும் உரிய ஒழுக்கங்கள் வெவ்வேறு: கொடை தன்னை மறைத்துக்கொள்வதால் சிறக்கிறது, வணிகம் விலையையும் அளவையும் இலாபத்தையும் மறைக்காமல் வெளிப்படுத்துவதால் சிறக்கிறது. அதியமான் நெல்லிக்கனியின் சிறப்பை மறைத்தது புகழுக்கு உரியதாயிற்று. சந்தையில் ஒரு வணிகர் தம் பண்டத்தின் தன்மையை மறைத்தால் அது குற்றமாகும்.

இந்த வேறுபாட்டைக் கல்லூரி விண்ணப்பத்தின்மீது பொருத்தினால் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. சேர்க்கைக்காகத் தொண்டு செய்வதும் சேர்க்கைக்காக வணிகம் செய்வதும் அறநோக்கில் ஒன்றாகா. முதியோர் இல்லத்தில் சில வாரங்கள் பணிசெய்து சான்றிதழ் பெறும் மாணவர், பிறர் பொருட்டுச் செய்யப்படுவதாக அறிவிக்கும் ஒரு செயலைத் தம் பொருட்டுச் செய்கிறார்; அறத்தை விலைக்கு விற்பது என்று முடமோசியார் சுட்டிய குறை அங்கே உண்டு. வணிகமோ தொடக்கத்திலேயே தன் பயனைக் கருதுவதாக ஒப்புக்கொண்ட செயல். சாமை முறுக்கு செய்து விற்கும் மாணவர் அதனால் இருநூறு ரூபாய் இலாபத்தையும் நாளைய கல்லூரி இடத்தையும் ஒருசேர எதிர்பார்த்தால், வாங்குபவர் அதனால் ஏமாற்றப்படுவதில்லை. வாங்குபவர் கேட்டது சுவையான முறுக்கையும் சரியான எடையையும். விற்பவரின் எதிர்காலத் திட்டம் அந்த ஒப்பந்தத்தில் சேராது.

அப்படியானால் உறுத்தல் எங்கிருந்து வருகிறது? பல கல்லூரிகள் மாணவரிடம் அவர் என்ன விற்றார் என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. வணிகத்தை அவர் நேசிக்கிறாரா, எந்தத் தூண்டுதலும் இன்றி அதன்மேல் இயல்பாகவே ஈர்க்கப்பட்டாரா என்றும் கேட்கின்றன. நேசம் கொடையின் இனத்தைச் சேர்ந்தது. விலை குறிக்கப்பட்ட உடனே அது வேறொன்றாகிவிடும். தன் பயனை வெளிப்படையாக நாடலாம் என்னும் உரிமை வணிகத்துக்கு உண்டு. அந்த உரிமையை மறுத்து, பயன் கருதாத காதலாக அதைச் சித்திரிக்குமாறு மாணவரை நிர்ப்பந்திக்கும்போதுதான் பொய்க்கு வழி பிறக்கிறது. வணிகத்தைக் கொடையின் உடையில் நிறுத்துமாறு கேட்ட கல்லூரிக்கும், கேட்டபடி நிறுத்திய மாணவருக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு.

மேலைத் தத்துவத்தில் இச்சிக்கலை மிகக் கூர்மையாக அணுகியவர் இம்மானுவேல் காண்ட். 1785-ல் வெளிவந்த அவருடைய அறவியல் நூலில் அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணமே ஒரு கடைக்காரர்தான். விலை தெரியாத வாடிக்கையாளரிடமும், கடைக்கு வரும் குழந்தையிடமும் அவர் எல்லோரிடமும் வாங்கும் அதே விலையையே வாங்குகிறார். நேர்மையின்மேல் கொண்ட மதிப்பால் அன்றி, நல்ல பெயர் இருந்தால் வியாபாரம் பெருகும் என்பதால் அப்படிச் செய்கிறார். அவருடைய செயல் கடமைக்கு இசைந்தது. ஆனால் கடமையுணர்விலிருந்து பிறக்காததால் அதற்கு அறமதிப்பு இல்லை என்கிறார் காண்ட். சேர்க்கைக்காக நேர்மையாக வணிகம் செய்யும் மாணவருக்கும் இதே தீர்ப்பே பொருந்தும்: அவர் தவறு செய்யவில்லை; புகழ்வதற்கும் ஏதும் இல்லை. ஆனால் இதே நூலில் காண்ட் வேறொன்றையும் ஒப்புக்கொள்கிறார். எவ்வளவு ஆழமாகத் தன்னைச் சோதித்துக்கொண்டாலும் தன் செயலுக்குப் பின்னுள்ள மறைவான தூண்டுதலை மனிதர் முழுவதுமாக அறிய முடியாது என்பதே அது. தமக்கே தெளிவாகத் தெரியாத ஒன்றைப் பதினேழு வயது மாணவர் ஐந்நூறு சொற்களில் பிறருக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அறிவியலாகவும் நிற்காது, அறமாகவும் நிற்காது.

பகவத்கீதை இவ்விடத்தில் இருவகையில் பேசப்படுகிறது. செயலில் உரிமை உண்டு, பயனில் இல்லை என்னும் அதன் போதனையை, அதாவது பயன் கருதாமல் செயலாற்றும் நிஷ்காம கர்மத்தை, இம்மாணவருக்கு அறிவுரையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் இலாபத்தை அறவே கருதாத வணிகம் வணிகமாகவே இராது. ஆகவே அந்தப் போதனையை இங்கே பொருத்துவதானால், கிடைக்கும் பயனில் மனம் கட்டுண்டு செயலின் ஒழுங்கைக் கைவிடாதே என்னும் பொருளில்தான் கொள்ள முடியும். அதே நூலின் பதினெட்டாம் அத்தியாயம் உழவையும் ஆநிரை காத்தலையும் வாணிகத்தையும் வைசியரின் இயல்பிலிருந்து பிறக்கும் தொழில்களாக வகுக்கிறது. ஆர்வம் என்பது இயல்பானது, இயல்போ பிறப்போடு வருவது என்னும் இக்கருத்து நடைமுறையில் ஆழமாக வேரூன்றியது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் பிள்ளைகளுக்கு வணிகத்தில் ஆர்வம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாக உயர்ந்து, பின் கடையைப் பொறுப்பேற்று நடத்தும் நிலைக்கு வரும்படியான பயிற்சி வரிசை ஒன்று அவர்களிடம் இருந்தது. அத்தகைய மரபுரிமை இல்லாத ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு, ஆர்வத்தை வெளிப்படையாகக் காட்டுவது ஒன்றே அந்தத் துறைக்குள் நுழையும் வழியாக இருக்கலாம். பிறப்பால் தெரியாத ஒன்றைச் செயலால் தெரியப்படுத்துவதில் சனநாயகத்தின் ஒரு கூறு இருக்கிறது என்பதைக் காட்டலைப் பழிப்போர் மறந்துவிடலாகாது.

காட்டுவதற்காகத் தொடங்கியது மெய்யாகவே ஆகிவிடவும் கூடும். நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நீதியாளர் ஆகிறார், யாழை மீட்டி மீட்டியே யாழிசைஞர் ஆகிறார் என்று அரிஸ்டாட்டில் கூறுவார். பண்பு செயலுக்கு முன்னதாக இருப்பதில்லை, செயலின் பழக்கத்தால் உருவாகிறது என்பது அவர் கொள்கை. ஆனால் இக்கொள்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பழகப்படுவது உண்மையான செயலாக இருக்க வேண்டும். விற்காத பொருளுக்கு இணையதளம் அமைப்பவர் வணிகத்தைப் பழகவில்லை, அறிவித்தலைப் பழகுகிறார். நாளடைவில் அவர் தேர்ச்சி பெறுவதும் அதில்தான். கடனுக்கு வாங்கிச் சென்றவரிடம் பணம் கேட்கும் சங்கடத்தையும், விற்காமல் நமத்துப்போன பண்டத்தையும், கூட்டாளியோடு கணக்குப் பார்க்கும்போது எழும் மனத்தாங்கலையும் எதிர்கொண்டவரே வணிகத்தைப் பழகியவர்.

இங்கிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். மாணவரின் உள்நோக்கத்தை யாராலும் காண முடியாது. ஆனால் அவருடைய செயலால் தொடப்பட்ட பிறரைக் காண முடியும். வணிகத்தில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார்: வாங்குபவர், சரக்குத் தந்தவர், கூட்டாளி, கடன் கொடுத்தவர். முன்பணம் வாங்கிய ஆர்டரைச் சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாளே கைவிடுவது, பத்துப் பொட்டலம் விற்றதை நூறு என்று எழுதுவது, தோழியின் யோசனையைத் தன் பெயரில் சொல்வது ஆகியவை அந்தப் பிறருக்கும் உண்மைக்கும் இழைக்கும் தீங்குகள். நோக்கம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் இவை தவறே. மறுபுறம், சேர்க்கைக்காகவே தொடங்கியிருந்தாலும், வாக்குக் கொடுத்ததை முடித்துக்கொடுத்து, கடனை அடைத்து, நட்டத்தை நட்டமென்றே எழுதிய மாணவர் வாணிகத்தின் அறத்தைக் காத்தவராகிறார். குறள் கேட்ட இலக்கணம், அதாவது பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுதல், அவரிடம் நிறைவேறியிருக்கிறது.

மாணவரின் பக்கம் இவ்வாறு தெளிந்தபின், கல்லூரியின் பக்கம் உள்ள கடமையை எடுத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்கு அப்பால் மாணவரின் குணத்தைப் பார்க்கிறோம் என்னும் கோரிக்கையின் வரலாறு தூய்மையானதன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் 1920-களில் குணம், ஆளுமை ஆகியவற்றைச் சேர்க்கையின் அளவுகோல்களாக்கியதற்கு, தேர்வில் சிறந்து விளங்கிய யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கமும் காரணமாக இருந்தது என்பதைச் சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-ல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். வெளிப்படையான அளவுகோல் ஒன்று, யாருக்குப் பயன்படக் கூடாதென்று கருதப்பட்டதோ அவருக்கும் பயன்பட்டுவிடும். மறைவான அளவுகோலுக்கு அந்த நேர்மை இல்லை.

தருமபுரி இந்த அநீதி எளிதில் நிகழக்கூடிய இடம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு, 68.54 விழுக்காடு, பதிவான மாவட்டம் இது. இங்கே கல்லூரிக்குப் போகும் பலர் தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். ஆனால் வணிகத்தின் அடிப்படைகளை அறிவதற்கு இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புறத்தே எந்தப் பயிற்சி முகாமும் தேவைப்படுவதில்லை. பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை ஏறுவதையும், பறிப்புக் கூலிக்கும் கட்டுபடியாகாத நிலைக்கு இறங்கினால் பழம் செடியிலேயே விடப்படுவதையும் அவர்கள் கண்டு வளர்கிறார்கள். பட்டுக்கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோய் ஏலத்தில் விட்டு, அன்றைய விலையோடு வீடு திரும்பும் பெற்றோரையும், புளி தட்டிக் கொட்டை நீக்கிக் கிலோக் கணக்கில் கூலி பெறும் தாய்மாரையும் அவர்களுக்குத் தெரியும். விலை, இருப்பு, கடன், இடைத்தரகு, இடர் ஆகியவை அவர்களுக்குப் பாடநூலின் சொற்களாக அறிமுகமாகும் முன்பே வீட்டுச் செய்திகளாக அறிமுகமாகிவிடுகின்றன. சேர்க்கைப் படிவமோ இவற்றை வணிக ஆர்வமாகக் கணக்கில் கொள்வதில்லை. மாணவரும் இவற்றைச் சொல்லத்தக்கனவாக நினைப்பதில்லை.

இதற்கு மாற்றாக, வீட்டு உழைப்பையே ஆர்வத்தின் சான்றாகக் கொள்ளலாம் என்றால், அதிலும் எச்சரிக்கை வேண்டும். வறுமையால் செய்யப்பட்ட வேலையை விருப்பத்தால் செய்யப்பட்டதாக அலங்கரிக்கச் சொல்வது இன்னொரு பொய்க்கு வழிவகுக்கும். பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில் மண்டிக்குப் போனதைப் பெருமையாக எழுதவைப்பது, அந்த நிலையையே நியாயப்படுத்துவதாக முடியும். மேலும், தக்காளியால் கடன்பட்ட வீட்டுப் பிள்ளை வணிகத்தையே வெறுத்துக் கணக்குத் தணிக்கையாளராகவோ ஆசிரியராகவோ ஆக விரும்பலாம். அந்த வெறுப்பும் அனுபவத்திலிருந்து பிறந்த ஓர் அறிவே. மதிப்பெண் முறையின் அறச்சிறப்பு இவ்விடத்தில்தான் தெரிகிறது: அது மாணவரின் மனத்துக்குள் நுழைவதில்லை. எதை நேசிக்கிறாய் என்று கேட்காததால், நேசிப்பதாக நடிக்கவும் அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

ஆயினும் மதிப்பெண் மட்டுமே போதும் என்று முடித்துவிடவும் இயலாது. பெருஞ்சித்திரனாரின் மனக்குறை மதிப்பெண் முறைக்கும் உரியதே. அது கொடுக்கிறது, ஆனால் பெறுபவரைக் காணாமல் கொடுக்கிறது. நேசத்தை மெய்ப்பிக்கச் சொல்லும் முறையோ, காண்பதாகச் சொல்லிக்கொண்டு பெறுபவரை விற்பனையாளராக்குகிறது. புலவர் கேட்டது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: பெறுபவரின் அளவை அறிந்து கொடுத்தல். கல்லூரி செய்யக்கூடியதும் அதுவே. ஆர்வம் உண்டா என்று கேட்பதை விட்டு, ஒரு பண்டத்தின் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அறிந்த ஒரு சூழலை விளக்கச் சொல்லலாம். நட்டம் வந்தபோது அதை யார் ஏற்றார்கள் என்று கேட்கலாம். எழுதித் தந்த கணக்கு கூட்டுக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம். இக்கேள்விகளுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வியாபாரத்தைக் கண்டவரும், சென்னையில் இணையக் கடை நடத்தியவரும், எந்த வணிகமும் செய்யாமல் கூர்ந்து கவனித்தவரும் சமமாக விடை சொல்ல முடியும். விலைகொடுத்து வாங்கிய சான்றிதழ் இங்கே உதவாது.

சேர்க்கைக்காக வணிகம் செய்வது தன்னளவில் இழிவன்று. பயனை நாடுவதை ஒளிக்காத தொழில் அது என்பதால், தொண்டையோ கலையையோ சேர்க்கைக்காகச் செய்வதைவிட அதில் கபடம் குறைவு. மாணவர் தம் நோக்கம் கலப்பானது என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த நோக்கத்தை ஒளிக்கவும், இல்லாத காதலைப் புனையவும், வாங்கியவரையும் கூட்டாளியையும் பாதியில் விடவும் நேர்ந்தால் மட்டுமே வெட்கப்பட வேண்டும். கேட்கும் நிறுவனத்துக்குக் கடமை இன்னும் பெரிது: பொய் சொன்னால்தான் விடை சொல்ல முடியும் என்னும்படியான கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த விடையில் உண்மையைத் தேடும் உரிமை அதற்கு இல்லை.